எட்டு மணி வெயில்

அம்மா இருக்கும் படம் என்று
பீரோவிலிருந்து அப்பா எடுத்துத் தந்ததில்
அம்மா இல்லை.

கோட்டை அகழிக்கு இந்தப் பக்கம்
அப்பா, சம்பத் அண்ணன், வளர்மதி அக்கா.
மூவர் கண்ணிலும் வெயில்.
அக்காவுக்கு ஒரு ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது.
படத்தின் கீழ்விளிம்பிலிருந்து கிளம்பி
மண்ணில் நீண்டு கிடக்கிறது ஒரு நிழல்:
இடுப்பருகே கொஞ்சம் பருத்த இருட்டு,
தூக்கிய இரண்டு முழங்கை,
அப்பாவின் புதுச் செருப்பின் மேல்
போய் முடிகிற கொண்டை.

எண்பத்தெட்டில் வந்த தீபாவளி போனஸில்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி கன்னியம்மா
ஒரு கேமரா வாங்கினாள்.
வீட்டில் மிக்ஸி இல்லை அப்போது.
அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார் அப்பா,
மேல்விஷாரம் தாண்டி, ரத்தினகிரி தாண்டி,
பஸ் வேலூரில் நிற்கும் வரைக்கும்.
அதனால்தான் படத்தில் அந்த முகம்.

பருத்த இருட்டு நான்தான் என்பாள் அம்மா.
தையில் பிறந்தவள் நான்,
கணக்கு சரியாகத்தான் வருகிறது.
"அது ஒயர்கூடை" என்பார் அப்பா.
"புளிசோறு இருந்துச்சி அதுல."
கடைசிவரைக்கும்
இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன மாசியில் அவள் போனாள்.
இந்த ஐப்பசியில் வந்து நிற்கிறோம்.

அதே இடம் என்பது சுலபமில்லை.
நடுவில் கம்பிவேலி முளைத்துவிட்டது.
போட்டோவைத் தூக்கிப் பிடித்து
பின்னால் தெரியும் கொத்தளத்தின் வளைவைப் பார்த்துப் பார்த்து
இரண்டு தப்பு இடம் நின்று
மூன்றாவதில் காலால் கோடு கிழித்தான் அண்ணன்.
அங்கே வெயில் வரவில்லை.
யாருக்கோ பிறந்தநாள்.
ஃப்ளெக்ஸில் கைகூப்பியபடி
சூரியனை மறைத்துக்கொண்டிருந்தார்.
அவர் தலையைத் தாண்டி வெளிச்சம் ஏறும்வரை
டீ குடித்தோம்.

வண்டி நிறுத்த ஐம்பது ரூபாயா
என்று அப்பா ஆரம்பித்தார்.
"இன்னாத்துக்கு இத்தினி செலவு,
அதான் ஒரு படம் கீதே."
அண்ணன் என்னைப் பார்த்தான்.
முகம் தயார்.

அக்கா கிளிப்பைக் கழற்றி
ஒரு பக்கம் முடியை அவிழ்த்துவிட்டாள்.

காவலாளி ஒருவர் வந்தார்.
"நீயும் போய் நில்லும்மா, நான் எடுக்கறேன்.
குடும்பத்துல ஒராளு மட்டும் வெளிய நிக்கலாமா?"
அந்தப் படத்திலும் நான் வெளியே இல்லை
என்பதை அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?
வேண்டாம் என்றேன்.
கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.
பாவம், போய்விட்டார்.

முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டேன்.
செல்போனுக்கு ஒரு கை போதும்,
இரண்டு முழங்கையையும் தூக்கினேன்.
இடது முழங்கையில் ஒயர்கூடை.
அப்பா சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

அம்மாவைவிட நான் குட்டை,
வெயிலும் கொஞ்சம் ஏறிவிட்டது.
நிழல் எட்டவில்லை.
ஓரடி முன்னால் வந்தேன்.
இன்னும் அரையடி.
புல்லைத் தாண்டி, ஒரு பிஸ்கட் உறையைத் தாண்டி
மெதுவாக ஊர்ந்து
அப்பாவின் கால் வரைக்கும் போனது.

"ரெடியா?"

"இரு" என்றார்.
வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு செருப்பு.
மூச்சு வாங்கிக்கொண்டு
இன்னொன்று.
இரண்டையும் காலால் ஓரம் தள்ளிவிட்டு
அதே கோட்டில் வந்து நின்று
வெயிலை முறைத்தார்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எடுத்தேன்.
ஒண்ணு போதும் என்று அவர் சொல்வதற்குள்
இன்னொன்றும் எடுத்தேன்.